926 கோடி டாலருக்கு அப்பால்: 2009 அமெரிக்கக் கார் நிறுவன மீட்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2014 டிசம்பரில் அமெரிக்க நிதித் துறை, முன்பு ஜெனரல் மோட்டார்ஸின் வாகனக் கடன் பிரிவாக இருந்த அல்லி நிதி நிறுவனத்தில் தன் கையிலிருந்த கடைசிப் பங்குகளை விற்று, ஆறு ஆண்டுகளாகத் திறந்திருந்த ஒரு கணக்கை முடித்துக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய இரு கார் நிறுவனங்களுக்கும் அவற்றைச் சார்ந்த வாகனக் கடன் நிறுவனங்களுக்கும் அரசு கொடுத்திருந்தது ஏறத்தாழ 7,970 கோடி டாலர். திரும்பி வந்தது ஏறத்தாழ 7,040 கோடி. எஞ்சிய 926 கோடி டாலர் வரிப்பணத்தில் ஏற்பட்ட இழப்பாக எழுதப்பட்டது. அன்று முதல் இந்த மீட்பைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணைச் சுற்றியே நடந்துவருகிறது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வேலைகளைக் காக்க அது மலிவான விலை என்று ஆதரிப்போர் சொல்கின்றனர். தோற்றுப்போன முதலாளிகளுக்காகக் கட்டிய தண்டம் என்று எதிர்ப்போர் சொல்கின்றனர். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அதற்குள் அடங்காத கணக்குகளுக்குச் செல்வதே இந்த ஆய்வின் நோக்கம். இந்த மீட்பின் பொருளாதாரத்தை விளங்கிக்கொள்ள, இழப்பு மொத்தம் எவ்வளவு என்பதைவிட அது யார் யாருக்கு எந்த விதியின்படி பங்கிடப்பட்டது என்று பார்ப்பதே உதவும் என்பது என் கருத்து.

வீழ்ச்சியின் இரு வேர்கள்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி ஜெனரல் மோட்டார்ஸின் கார்கள். 2008இல் அதன் பங்கு 22 விழுக்காட்டளவுக்கு இறங்கியிருந்தது. அந்த ஆண்டிலேயே உலகின் மிகப்பெரிய கார் விற்பனையாளர் என்ற இடத்தையும் டொயோட்டாவிடம் இழந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில், சந்தை கையில் இருந்தபோது தொழிற்சங்கத்துக்கு அளித்த ஓய்வூதிய, மருத்துவ உறுதிமொழிகள், சந்தை நழுவிய பிறகும் அப்படியே நின்றன. வேலையில் இருப்போரைவிட ஓய்வுபெற்றோரே பலமடங்கு என்ற நிலையில், விற்கும் ஒவ்வொரு காரின் விலையிலும் பழைய தலைமுறையின் மருத்துவச் செலவு ஏறி உட்கார்ந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் புதிதாக ஆலை கட்டிய ஜப்பானிய, கொரிய நிறுவனங்களுக்கு இந்தச் சுமை இல்லை. சிறிய கார்களில் போட்டியிட முடியாத, அமெரிக்கக் கார் தொழிலின் தாயகமான டெட்ராய்ட், லாபம் மிகுந்த பெரிய டிரக்குகளிலும் எஸ்யூவிகளிலும் தஞ்சம் புகுந்தது. 2008 ஜூலையில் ஒரு கேலன் பெட்ரோல் 4.11 டாலரைத் தொட்டபோது அந்தத் தஞ்சமும் கலைந்தது.

இது பழைய வேர். இது மட்டும் இருந்திருந்தால், இந்நிறுவனங்கள் சில ஆண்டுகளில் வழக்கமான திவால் நீதிமன்றத்துக்குச் சென்றிருக்கும். அமெரிக்க விமான நிறுவனங்கள் பல அப்படிச் சென்று, கடனைக் குறைத்துக்கொண்டு மீண்டு வந்திருந்தன. இரண்டாம் வேரோ கார் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்தது. 2008 செப்டம்பரில் முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் வீழ்ந்த பிறகு கடன் சந்தை உறைந்துபோனது. அமெரிக்காவில் பெரும்பாலானோர் காரைக் கடனிலோ குத்தகையிலோதான் வாங்குகின்றனர். விற்பனையாளரும் தன் கொட்டகையில் நிற்கும் வண்டிகளைக் கடனில்தான் நிறுத்திவைக்கிறார். கடன் நின்றதும் விற்பனை நின்றது. 2007இல் 1.6 கோடியாக இருந்த ஆண்டு விற்பனை, 2009இல் 1.04 கோடியாகச் சரிந்தது. 2008இன் மூன்றாம் காலாண்டில் மட்டும் ஜெனரல் மோட்டார்ஸின் கையிருப்பிலிருந்து 690 கோடி டாலர் ரொக்கம் கரைந்தது. அந்த ஆண்டு முழுமைக்குமான இழப்பு 3,090 கோடி டாலர்.

மூன்றாம் நிறுவனமான ஃபோர்டு தப்பியதற்குக் காரணம், ஆலைகளையும் தன் நீல முட்டைச் சின்னத்தையும் கூட அடமானம் வைத்து 2006இன் இறுதியில் 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டியிருந்தது. அப்போது அது கையாலாகாத்தனத்தின் அடையாளமாகப் பேசப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து முன்யோசனையாகப் பாராட்டப்பட்டது. நெருக்கடி ஓராண்டு முந்தி வந்திருந்தால் யாரைத் திறமைசாலி என்று சொல்லியிருப்போம் என்பது வேறு விஷயம்.

வாஷிங்டனில் ஐந்து வாரங்கள்

2008 நவம்பர் நடுவில் மூன்று நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகளான ரிக் வேகனர் (ஜெனரல் மோட்டார்ஸ்), ராபர்ட் நார்டெல்லி (கிரைஸ்லர்), ஆலன் முலாலி (ஃபோர்டு) ஆகியோர் நாடாளுமன்றக் குழுக்களின் முன் வந்து 2,500 கோடி டாலர் கேட்டனர். மூவரும் தனித்தனித் தனியார் விமானங்களில் வந்திருந்தனர் என்பது வெளிப்பட்டதும், கோரிக்கையின் தகுதியைப் பற்றிய பேச்சு அடங்கி விமானங்களைப் பற்றிய பேச்சே ஓங்கியது. டிசம்பர் தொடக்கத்தில் அவர்கள் டெட்ராய்ட்டிலிருந்து காரிலேயே வந்தனர். இம்முறை கேட்ட தொகை 3,400 கோடியாக உயர்ந்திருந்தது. கீழவை டிசம்பர் 10 அன்று 1,400 கோடி டாலருக்கான மசோதாவை 237க்கு 170 என்ற கணக்கில் ஏற்றது. மறுநாள் மேலவையில் 60 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 52 மட்டுமே கிடைத்தன. தொழிலாளரின் ஊதியச் செலவை ஜப்பானிய ஆலைகளின் அளவுக்கு 2009க்குள்ளேயே இறக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் வலியுறுத்தியதும், ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் அந்தக் காலக்கெடுவை ஏற்க மறுத்ததும்தான் உடன்பாடு முறிந்ததற்குக் காரணம்.

பதவிக்காலம் முடிய ஒரு மாதமே இருந்த அதிபர் ஜார்ஜ் புஷ், டிசம்பர் 19 அன்று 1,740 கோடி டாலர் கடனை அறிவித்தார். 1,340 கோடி ஜெனரல் மோட்டார்ஸுக்கும் 400 கோடி கிரைஸ்லருக்கும் ஒதுக்கப்பட்டன. பணம், வங்கிகளைக் காக்க அக்டோபரில் ஒதுக்கப்பட்ட 70,000 கோடி டாலர் டார்ப் நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. நிதி நிறுவனங்களுக்கென்று எழுதப்பட்ட சட்டத்தைக் கார் ஆலைகள் வரை நீட்டியது சரியா என்ற கேள்வி எழாமல் இல்லை. மேலவை மறுத்த பணத்தை நிர்வாகம் வேறு கதவு வழியாகக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில் உண்மையும் இருக்கிறது. சாதாரண காலத்தில் தோற்ற நிறுவனத்தைத் தோற்கவே விட வேண்டும் என்பதுதான் தன் கொள்கை என்றும், நிதி நெருக்கடியின் நடுவே அப்படி விடுவது பொறுப்பான செயலாகாது என்றும் புஷ் விளக்கமளித்தார். கொள்கைக்கும் காலத்துக்கும் இடையே அவர் போட்ட இந்தக் கோடுதான் மீட்பின் முழுத் தர்க்கத்தையும் தாங்கி நிற்கிறது என்பதால், அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

நீதிமன்றத்துக்கே அனுப்பியிருக்கக் கூடாதா?

அரசு பணம் கொடுக்காமல் நிறுவனங்களைத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்துக்கு அனுப்பியிருந்தால் போதும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். குடியரசுக் கட்சித் தலைவர் மிட் ராம்னியும் 2008 நவம்பரில் இதையே சொன்னார். இந்த வாதத்தில் பாதி சரி: கடைசியில் இரு நிறுவனங்களும் திவால் நீதிமன்றத்துக்குத்தான் சென்றன, அங்கே செல்லாமல் அவற்றின் கடனையும் ஒப்பந்தங்களையும் குறைத்திருக்க முடியாது. மறுபாதியில்தான் சிக்கல்.

11ஆம் அத்தியாயத்தில் ஒரு நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பில் தொடர்ந்து இயங்க வேண்டுமானால், அந்தக் காலத்துக்கான கூலியையும் மூலப்பொருள் செலவையும் ஈடுகட்ட யாரேனும் புதிதாகக் கடன் கொடுக்க வேண்டும். சாதாரண ஆண்டுகளில், மற்ற எல்லாக் கடன்களுக்கும் முன்னுரிமை பெறும் இந்தக் கடனை வங்கிகள் விரும்பியே கொடுக்கும். ஜெனரல் மோட்டார்ஸுக்கு அப்படித் தேவைப்பட்டது 3,000 கோடி டாலருக்கு மேல். 2008-09 குளிர்காலத்தில், தாமே அரசின் பணத்தில் நின்றுகொண்டிருந்த வங்கிகளில் எதுவும் அத்தொகையில் ஒரு பகுதியைக்கூடத் தரும் நிலையில் இல்லை. அந்தக் கடன் இல்லையென்றால் 11ஆம் அத்தியாயம் சில வாரங்களில் 7ஆம் அத்தியாயமாக, அதாவது ஆலைகளைப் பூட்டி இயந்திரங்களை ஏலம்விடும் கலைப்பாக, மாறிவிடும். ஆகவே உண்மையான தகராறு, திவாலா மீட்பா என்பதில் இல்லை. திவால் காலத்துக்குக் கடன் கொடுக்க அரசைத் தவிர வேறு யார் இருந்தார் என்பதில் இருந்தது. அந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பிலிருந்து எனக்கு நிறைவளிக்கும் விடை எதுவும் கிடைக்கவில்லை.

கலைப்பு நடந்திருந்தால் அது இரு நிறுவனங்களோடு நின்றிருக்காது என்பதற்கு நம்பத்தகுந்த சாட்சி, உடனடி உதவி தனக்குத் தேவையில்லை என்று சொன்ன ஃபோர்டே. போட்டியாளர்கள் அழிந்தால் அவர்களின் வாடிக்கையாளர் தன்னிடம் வருவர் என்று மகிழ வேண்டிய முலாலி, அவர்களுக்கு உதவும்படி நாடாளுமன்றத்தில் வாதாடினார். காரணம் உதிரிபாகத் தொழில். இருக்கை, கண்ணாடி, பிரேக், கம்பிவடம் செய்யும் ஒரே நிறுவனம் மூன்று டெட்ராய்ட் நிறுவனங்களுக்கும் டொயோட்டா, ஹோண்டாவின் அமெரிக்க ஆலைகளுக்கும் சேர்த்தே செய்து தருகிறது. அனுப்பிய சரக்குக்குப் பணம் வர வாரக்கணக்கில் ஆகும். மிகப்பெரிய வாடிக்கையாளர் பணம் தராமல் மூடினால், உதிரிபாகக்காரர் விழுவார். அவர் விழுந்தால், ஒரு பிரேக் இல்லாததால் ஃபோர்டின் வரிசையும் நிற்கும். நீண்ட சரக்கு இருப்பு வைக்காமல் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் வரவழைக்கும் உற்பத்தி முறையில் இந்தச் சங்கிலி இன்னும் இறுகியிருந்தது. 2009 மார்ச்சில் நிதித் துறை உதிரிபாகக்காரரின் நிலுவைக்கு உத்தரவாதம் தர 500 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அதில் ஒரு சிறு பகுதியே செலவானது. ஆலைகள் மூடப்படாது என்ற நம்பிக்கை வந்த பிறகு உத்தரவாதத்துக்கே பெரிய தேவை எழவில்லை.

கிரைஸ்லர்: ஒரு நூலிழைத் தீர்மானம்

2009 பிப்ரவரியில் ஒபாமா அரசு அமைத்த பணிக்குழுவுக்கு நிதித் துறைச் செயலர் டிமோத்தி கைட்னரும் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் சம்மர்ஸும் தலைமை தாங்கினர். அன்றாட வேலையை முதலீட்டுத் துறையிலிருந்து வந்த ஸ்டீவன் ரேட்னரும், தொழிற்சங்கங்களோடு பணியாற்றிய அனுபவம் கொண்ட ரான் புளூமும் நடத்தினர். நிறுவனங்கள் அளித்த மீட்சித் திட்டங்கள் மார்ச் 30 அன்று நிராகரிக்கப்பட்டன. அதற்கு முன்னரே வேகனர் பதவி விலகும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். ஜெனரல் மோட்டார்ஸுக்கு 60 நாளும், இத்தாலியின் ஃபியட்டுடன் உடன்பாடு காண கிரைஸ்லருக்கு 30 நாளும் தரப்பட்டன.

கிரைஸ்லரைக் காப்பாற்றத்தான் வேண்டுமா என்பதில் வெள்ளை மாளிகைக்குள்ளேயே கருத்து பிளந்து நின்றது. பொருளியலாளர் ஆஸ்டன் கூல்ஸ்பி முன்வைத்த எதிர்வாதம் எளிமையானது: கிரைஸ்லர் மறைந்தால் அதன் வாடிக்கையாளரில் பலர் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளையே வாங்குவர், ஆகவே வேலையிழப்பின் ஒரு பகுதி அங்கே ஈடாகும், மற்ற இரண்டும் வலுப்பெறும். அமைதியான ஆண்டொன்றில் இதை மறுப்பது கடினம். மாநில வேலையின்மை விகிதம் அந்த ஆண்டு 14 விழுக்காட்டைத் தொட்ட மிச்சிகனில், அந்த ஈடு வந்துசேரும் வரை யார் காத்திருப்பது என்ற கேள்வியே மேலோங்கியது. பொருளியல் கணக்கின்படி பார்த்தால், ஜெனரல் மோட்டார்ஸைக் காத்ததற்கான நியாயம் கிரைஸ்லரைக் காத்ததற்கு இல்லை என்றே நான் எண்ணுகிறேன்; இரண்டையும் ஒரே நியாயத்தில் கட்டிப் பேசுவது ஆதரவாளர்களின் வசதிக்காகச் செய்யப்படுவது. 1980இல் இதே கிரைஸ்லருக்கு 150 கோடி டாலர் கடன் உத்தரவாதம் தரப்பட்டதையும், லீ அயகோக்கா தலைமையில் அது 1983இலேயே கடனை அடைத்து, அரசுக்குப் பங்குரிமை வழியாக 31 கோடி டாலர் லாபமும் ஈட்டித் தந்ததையும் அப்போது பலர் நினைவூட்டினர். மூன்று பத்தாண்டுகள் கழித்து அந்த நிறுவனம் அதே வாசலில் மீண்டும் வந்து நின்றது என்பதையும் அந்த நினைவூட்டலோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நாற்பது நாள் திவால்

கிரைஸ்லர் 2009 ஏப்ரல் 30 அன்று திவால் மனு கொடுத்து ஜூன் 10 அன்று புது நிறுவனமாக வெளிவந்தது. ஜூன் 1 அன்று, 8,230 கோடி டாலர் சொத்தும் 17,280 கோடி டாலர் கடனும் காட்டி மனு கொடுத்த ஜெனரல் மோட்டார்ஸ், ஜூலை 10 அன்று வெளிவந்தது. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழக்குகள் ஏறத்தாழ நாற்பது நாட்களில் முடிந்ததற்குக் காரணம், திவால் சட்டத்தின் 363ஆம் பிரிவு. கடன்காரர்களோடு முழு மறுசீரமைப்புத் திட்டத்தை வாக்கெடுப்புக்கு விட்டு நிறைவேற்றுவதற்குப் பதிலாக, நல்ல ஆலைகளும் நல்ல வணிகப் பெயர்களும் அரசு பணம் போட்ட ஒரு புதிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. வேண்டாத ஆலைகள், வழக்குகள், கடன்கள் ஆகியவை பழைய நிறுவனத்தோடு விடப்பட்டன. பழைய ஜெனரல் மோட்டார்ஸுக்கு மோட்டார்ஸ் லிக்விடேஷன் கம்பெனி என்று புதுப் பெயரும் சூட்டப்பட்டது. போன்டியாக், சாட்டர்ன் ஆகியவை மூடப்பட்டன. ஹம்மரும் வாங்குவார் கிடைக்காமல் மூடப்பட்டது. சுவீடனின் சாப் கைமாறி, 2011 இறுதியில் தானே திவாலானது.

புதிய ஜெனரல் மோட்டார்ஸில் அமெரிக்க அரசுக்கு 60.8 விழுக்காடு, ஓய்வுபெற்ற தொழிலாளரின் மருத்துவ அறக்கட்டளைக்கு 17.5, கனடா, ஒன்டாரியோ அரசுகளுக்கு 11.7, சுமார் 2,700 கோடி டாலர் கொடுத்திருந்த கடன்பத்திரதாரருக்கு 10 விழுக்காடு என்று பங்கு பிரிந்தது. பழைய பங்குதாரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் திவாலின் இயல்பும்.

சட்ட வட்டாரத்தில் அதிகச் சூட்டைக் கிளப்பியது கிரைஸ்லரின் பங்கீடு. பிணையம் பெற்றுக் கடன் கொடுத்தோருக்கு வர வேண்டிய 690 கோடி டாலருக்கு 200 கோடி டாலர் மட்டும் கிடைத்தது, அதாவது ஒரு டாலருக்கு 29 சென்ட். பிணையம் எதுவும் இல்லாத தொழிலாளர் அறக்கட்டளைக்கோ புது நிறுவனத்தில் 55 விழுக்காடு பங்கு கிடைத்தது. கடனின் வரிசை முறை தலைகீழாக்கப்பட்டது என்று இந்தியானா மாநில ஓய்வூதிய நிதியங்கள் வழக்குத் தொடுத்தன; உச்ச நீதிமன்றம் ஜூன் 9 அன்று தடை தர மறுத்தது. அரசின் பதில் இப்படி இருந்தது: கலைத்துவிட்டால் இந்த 200 கோடியும் தேறாது, அந்தப் பணத்தைப் போட்டவர் அரசு; வாங்குகிறவர் வருங்காலத்தில் யாருடைய உழைப்பு தேவையோ அவரோடு தனியாக உடன்பாடு செய்துகொள்வது அவர் உரிமை. இது சட்டப்படி செல்லும் வாதம். ஆனால் கடன் தொகையின் பெரும்பகுதியை வைத்திருந்து உடன்பட்ட பெருவங்கிகள் தாமும் டார்ப் நிதி பெற்றவை என்பதால், அந்த உடன்பாடு எவ்வளவு சுதந்திரமானது என்ற ஐயத்தை அது முழுதும் போக்குவதில்லை.

பொருளாதாரத்தில் விளைந்தவை

2013 இறுதியில் மிச்சிகனின் வாகன ஆய்வு மையம், இரு நிறுவனங்களும் மூடப்பட்டிருந்தால் 2009இல் மட்டும் ஏறத்தாழ 26 லட்சம் வேலைகள் போயிருக்கும் என்று கணக்கிட்டது. இத்தகைய எண்கள் அனைத்தும், நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து அளப்பவை. மூடிய ஆலையின் சந்தையை மற்றவர் எவ்வளவு விரைவில் நிரப்புவர் என்ற ஒரே ஊகத்தை மாற்றினால் விடை பெரிதும் மாறும். அந்த மையம் வாகனத் தொழிலோடு நெருங்கியது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ஆயினும் திசையைப் பற்றி ஐயமில்லை. அமெரிக்காவின் வாகன, உதிரிபாக உற்பத்தியில் 2007இல் பத்து லட்சம் பேர் அளவில் இருந்த வேலைவாய்ப்பு 2009 நடுவில் ஆறேகால் லட்சத்துக்கு இறங்கி, அடுத்த ஆறேழு ஆண்டுகளில் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. ஆண்டு விற்பனை 2015இல் 1.74 கோடியைத் தாண்டி அப்போதைய உச்சத்தைத் தொட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 2010இலேயே 470 கோடி டாலர் லாபம் காட்டியது. கிரைஸ்லர் 2011 மே மாதத்தில் கடனை ஆறு ஆண்டு முன்னதாக அடைத்தது. ஆலைகள் இடைக்காலத்தில் கலைந்துபோயிருந்தால், தேவை திரும்பியபோது உற்பத்தியும் இவ்வளவு விரைவில் திரும்பியிருக்காது.

இதே காலத்தில் நடந்த பழைய கார் ஒப்படைப்புத் திட்டத்தை மீட்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பெட்ரோல் அதிகம் குடிக்கும் வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் கழிவு தந்த அத்திட்டத்துக்கு 300 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2009 ஜூலை, ஆகஸ்டில் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வண்டிகள் விற்றன. அதிஃப் மியான், அமிர் சூஃபி ஆகியோரின் ஆய்வின்படி, அதனால் கூடுதலாக விற்ற வண்டிகள் அனைத்தும் அடுத்த ஏழு மாதங்களில் விற்றிருக்க வேண்டியவை. 2010 மார்ச்சுக்குள் நிகர விளைவு ஏறத்தாழப் பூச்சியமானது. அதாவது, விற்பனையைத் தூண்டச் செலவிட்ட பணம் சில மாதங்களை மட்டும் இடம் மாற்றியது. நிறுவனத்தின் அமைப்பை மாற்றும் நிபந்தனையோடு கொடுத்த பணம்தான் நிலைத்தது.

பிரிட்டிஷ் லேலண்ட் கார் நிறுவனத்தின் கதை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 1975இல் பிரிட்டன் அதை அரசுடைமையாக்கி, முதலில் ஆலைகளில் பெரும்பாலானவற்றைத் தக்கவைத்துக்கொண்டே பணத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. ஜாகுவார் 1984இலும் ரோவர் 1988இலும் கைமாற, எஞ்சிய எம்ஜி ரோவர் 2005இல் வீழ்ந்தது. 2009இல் வாஷிங்டன் செய்தது இதற்கு நேர்மாறு: பணம் தருவதற்கு முன்பே நிறுவனத்தைச் சுருங்க வைத்து, விரைவில் பங்குகளை விற்று வெளியேறியது. 2010 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸின் பங்கு ஒன்று 33 டாலருக்கு வெளியிடப்பட்டது; 2013 டிசம்பரில் அரசின் கடைசிப் பங்கும் விற்றுத் தீர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸில் போட்ட 4,950 கோடியில் ஆயிரம் கோடிக்கு மேல் வராமல்போனதற்கு, ஐம்பது டாலருக்கு மேல் போயிருந்தால்தான் சரிக்குச் சரியாகியிருக்கும் பங்குகளைப் பெரும்பாலும் நாற்பது டாலருக்குக் கீழான விலையில் விற்றதே காரணம். இன்னும் பொறுத்திருக்கலாம் என்று சொல்வோர், அடுத்த பல ஆண்டுகள் அந்தப் பங்கு அந்த வட்டாரத்திலேயே உலாவியதையும் பார்க்க வேண்டும்.

பேரேட்டில் ஏறாத உதவிகளும் இருந்தன. உடைமை மாறும் நிறுவனம் தன் பழைய நட்டங்களைக் காட்டி வருங்கால வரியைக் கழித்துக்கொள்ள வழக்கமாக உள்ள கட்டுப்பாட்டை, நிதித் துறை இந்த மீட்புக்காகத் தளர்த்தியது. புதிய ஜெனரல் மோட்டார்ஸ் லாபம் ஈட்டிய ஆண்டுகளில் வரியில் பெருந்தொகையை அது மிச்சப்படுத்தியது. 926 கோடி என்று கச்சிதமாகச் சொல்லும் கணக்கில் இது சேராது. 2010 ஏப்ரலில் அரசுக் கடனை முழுதும், காலத்துக்கு முன்பே அடைத்துவிட்டதாக அந்நிறுவனம் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ததும் இந்த வகைக் கணக்குதான்: அடைத்த பணம், அரசே முன்பு கொடுத்துத் தனிக்கணக்கில் வைத்திருந்த டார்ப் பணம், அரசின் பெரும்பங்கு அப்போதும் பங்குகளாக உள்ளே கிடந்தது.

இழப்பைச் சுமந்தவர்கள்

தொழிற்சங்கம் காப்பாற்றப்பட்டது என்பது பாதி உண்மை. வேலையில் இருந்தோரின் அடிப்படை ஊதியமும் ஓய்வூதியமும் பெரும்பாலும் நின்றன. அதற்கு விலையாக, விலைவாசிப் படி நிறுத்தப்பட்டது. வேலையில்லாத நாட்களுக்கும் ஊதியம் தந்த ஏற்பாடு ஒழிந்தது. மீட்புப் பெற்ற இரு நிறுவனங்களில் 2015 வரை ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று சங்கம் ஒப்புக்கொண்டது. 2007 ஒப்பந்தத்தில் நுழைந்திருந்த இரண்டாம் படிநிலை ஊதியம் நிலைபெற்றது. மணிக்கு 28 டாலர் வாங்கும் தொழிலாளியின் பக்கத்தில் அதே வேலையை 14, 15 டாலருக்குச் செய்யும் புதியவர் நின்றார்; அவருக்கு நிலையான ஓய்வூதியமும் இல்லை. 2009இல் ஒப்பந்த மேசையில் இருந்தவர்கள், அங்கே இல்லாத வருங்காலத் தொழிலாளரின் பங்கிலிருந்து தம் பங்கைக் காத்துக்கொண்டனர் என்று சொல்வது கடுமையாகத் தோன்றினாலும் தவறாகாது. 2023 செப்டம்பரில் மூன்று நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கைகளில் படிநிலை ஒழிப்பும் விலைவாசிப் படியும் இருந்தன. ஆறு வாரங்களுக்குப் பின் எட்டிய ஒப்பந்தங்களில் விலைவாசிப் படி திரும்பி வந்தது, முழு ஊதியத்தை எட்டும் காலம் எட்டு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது.

விற்பனையாளர்கள் அந்த மேசையின் அருகில்கூட இல்லை. 2009 மே மாதத்தில் கிரைஸ்லர் 789 விற்பனை உரிமைகளை ஒரு மாதத்துக்கும் குறைந்த அவகாசத்தில் ரத்து செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு உரிமை புதுப்பிக்கப்படாது என்று எழுதியது. சிறு ஊர்களில் பல தலைமுறையாக நடந்த குடும்ப வணிகங்கள் இவற்றில் பல. விற்பனையாளர் கடையை நடத்தும் செலவு கார் நிறுவனத்தினுடையது அன்று; ஆகவே கடைகளை மூடுவதால் நிறுவனத்துக்கு உடனடியாக என்ன மிச்சம் என்ற கேள்விக்குத் தெளிவான விடை வரவில்லை. டார்ப் நிதியின் சிறப்புத் தணிக்கையாளர் 2010 ஜூலை அறிக்கையில், அவ்வளவு விரைவாக மூடியதன் தேவையையும், வேலையிழப்பைப் போதிய அளவு எண்ணிப் பார்க்காததையும் குறைகூறினார்.

விபத்தில் சிக்கியோரின் கதி இன்னும் சிக்கலானது. 363ஆம் பிரிவு விற்பனையில், பழைய வழக்குகளின் பாரமின்றிச் சொத்துகள் கைமாறுகின்றன. புதிய நிறுவனத்தின் காலத்தில் நிகழும் விபத்துகளுக்கான பொறுப்பைப் பல மாநில அரசு வழக்கறிஞர்களின் எதிர்ப்புக்குப் பின் ஜெனரல் மோட்டார்ஸ் ஏற்றது. அதற்கு முந்தியவை பழைய நிறுவனத்தோடு போயின. 2014 பிப்ரவரியில், கோபால்ட் உள்ளிட்ட சிறு கார்களின் சாவிச் சுவிட்சு ஓட்டத்தின்போதே நழுவி எஞ்சினை அணைத்துவிடுவதும், அப்போது காற்றுப்பைகள் விரியாமல்போவதும் வெளிவந்தன. 26 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதியம் 124 சாவுகளை ஏற்றுக்கொண்டது. நிறுவனத்தின் பொறியாளர் சிலருக்கு இக்கோளாறு 2009க்குப் பல ஆண்டுகள் முன்பே தெரிந்திருந்தது. திவால் விற்பனையின் கவசத்தை நிறுவனம் இங்கும் உயர்த்திப் பிடித்தது. 2015இல் திவால் நீதிமன்றம் பெருமளவு அதை ஏற்றது. 2016 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், குறை தெரிந்திருந்தும் உரியவர்களுக்கு அறிவிப்பு கொடுக்காத விற்பனையால் அவர்களின் உரிமையைப் பறிக்க முடியாது என்று தீர்த்தது. நாற்பது நாளில் முடிந்த திவாலைத் திறமையின் சின்னமாகப் புகழ்வோர், அந்த வேகத்தில் யாருக்கு அறிவிப்பு போகவில்லை என்பதையும் கேட்டிருக்கலாம்.

இன்னொரு பிரிவினர், ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து 1999இல் பிரிந்து 2005இல் திவாலான டெல்ஃபை உதிரிபாக நிறுவனத்தின் ஊழியர்கள். 2009 ஜூலையில் அந்நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டங்கள் முடிக்கப்பட்டு, அரசின் ஓய்வூதிய உத்தரவாத நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அந்த நிறுவனம் சட்ட வரம்புக்குட்பட்ட தொகையை மட்டுமே தரும். சங்கத் தொழிலாளருக்கு ஏற்பட்ட குறைவை, பிரிவினையின்போது செய்த ஒப்பந்தப்படி, புதிய ஜெனரல் மோட்டார்ஸ் ஈடுகட்டியது. சங்கத்தில் இல்லாத மாதச் சம்பள ஊழியர் ஏறத்தாழ 20,000 பேருக்கு அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லாததால், அவர்களில் பலர் தம் ஓய்வூதியத்தில் பெரும்பகுதியை இழந்தனர். ஒரே நிறுவனத்தில் ஒரே காலம் வேலைபார்த்த இருவரில் ஒருவருக்கு முழுத்தொகையும் மற்றவருக்குக் குறைந்த தொகையும் கிடைத்ததற்கு வணிகக் காரணம் சொல்லலாம்: கார் செய்ய இனியும் தேவைப்பட்டவர் சங்கத் தொழிலாளரே. அரசின் பணத்தில் நடந்த பங்கீட்டுக்கு அந்தக் காரணம் மட்டும் போதுமா என்று அவர்கள் பத்தாண்டுக்கு மேல் நீதிமன்றங்களில் வாதாடினர். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களின் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்தது. அதே ஆண்டு ஜூலையில் கீழவை, அவர்களின் ஓய்வூதியத்தை முழுதாக்கும் மசோதாவை நிறைவேற்றி மேலவைக்கு அனுப்பியது. அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடியும்வரை மேலவை அதை நிறைவேற்றவில்லை.